முனைவர் பட்டத்துக்கு மூன்று வழி: நிபோங் திபாலிலிருந்து ஒரு கணக்கு

வயது 24. கையில் பொறியியல் பட்டம். வீடு மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில், முன்பு ரப்பர் நின்ற நிலத்தில் எழுந்த ஒரு தாமானில் (குடியிருப்பில்). பேராசிரியர் "ஆய்வுக்கு வந்துவிடும்மா" என்கிறார். வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். இந்த இடத்தில் நிற்கும் பெண்ணுக்கு உறவுக்கூட்டம் தரும் யோசனை இரண்டே வகை: "கல்யாணத்தை முடிச்சிட்டுப் படி", "படிப்ப முடிச்சிட்டுக் கல்யாணம் பண்ணு". எது முதலில் என்பதோடு இரண்டும் நின்றுவிடுகின்றன. பணம் எங்கிருந்து வரும், எத்தனை மாதம் வரும், நடுவில் நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

வழிகள் மூன்று. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் முழு நேர ஆய்வு. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர ஆய்வு. வெளிநாட்டில் முழு நேர ஆய்வு. மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: பேறுகாலத்துக்காக நான்கு மாதம் நின்றால் யார் பணம் தருவார், எந்தக் கெடு நமக்காக நிற்கும், எது நிற்காமல் ஓடும்? பல்கலைக்கழகத்தின் பெயரும் உலகத் தரவரிசையும் இதற்கு அப்புறம்தான்.

உள்ளூரில் முழு நேரம்

நிபோங் திபால் இருக்கும் தென் செபராங் பிறைக்காரர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. யூஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001ஆம் ஆண்டு பேராக்கிலிருந்து நிபோங் திபாலுக்கு வந்தது. விண்வெளி, வேதி, சிவில், மின்–மின்னணு, கனிம வளம்–பொருளறிவியல், இயந்திரம் என்று ஆறு பொறியியல் பள்ளிகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மதியம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தால் கால் மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம்.

இதே பெண் வேதியியலோ உயிரியலோ இயற்பியலோ படித்தவராக இருந்தால் கதை வேறு. அந்தப் பள்ளிகள் பினாங்குத் தீவில், யூஎஸ்எம்மின் மிண்டன் வளாகத்தில் இருக்கின்றன. கொமுட்டர் ரயில் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, பிறகு பஸ் என்றால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. காரில் பத்து காவான் வழியாக 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தைப் பிடித்தால் பாதியாகக் குறையலாம். ஆனால் டோலும் பெட்ரோலும் மாத உதவித்தொகையிலிருந்துதான் போகும். ஆக, துறை முடிவாகும்போதே பயண நேரமும் முடிவாகிவிடுகிறது.

இனி பணம். முழு நேர ஆய்வு மாணவிகளில் பலர் மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து மாத உதவித்தொகை பெறும் ஆராய்ச்சி உதவியாளர்கள். பெயரில் 'உதவியாளர்' இருக்கிறதே என்று இதைச் சம்பள வேலையாக எண்ணிவிடக் கூடாது. பொதுவாக இதற்கு இபிஎஃப் என்ற சேமநிதி கிடையாது, சொக்சோ என்ற சமூகக் காப்புறுதி கிடையாது, 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தரும் 98 நாள் பேறுகால விடுப்பும் உரிமையாகக் கிடைக்காது. கிடைப்பது பருவத்தை ஒத்திவைக்கும் வசதி. ஒத்திவைத்தால் படிப்புக்கான கெடு நிற்கும். பல இடங்களில் உதவித்தொகையும் அதோடு நிற்கும். மானியத்தின் கெடு மட்டும் யாருக்காகவும் நிற்காது.

இந்தக் கடைசி வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எஃப்ஆர்ஜிஎஸ் என்ற அடிப்படை ஆய்வு மானியத்தின் காலம் 2 முதல் 3 வருடம். 36 மாத மானியம் என்றே வைத்துக்கொள்வோம். ஆள் தேடி, விளம்பரம் போட்டு, உங்களைச் சேர்க்கும்போது 8 மாதம் ஓடியிருக்கும். மிச்சம் 28. நடுவில் நான்கு மாதம் பேறுகாலத்துக்குப் போனால் கைக்கு வருவது 24 மாதப் பணம். முனைவர் பட்டமோ மூன்றரை, நான்கு வருடம் இழுக்கும். கடைசி ஒன்றரை வருடம், அதாவது ஆய்வேட்டை எழுதும் காலம், கையில் காசில்லாமல் கழியும். பட்டம் பாதியில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். "குழந்தை பிறந்துச்சு, விட்டுட்டா" என்று ஊர் சொல்லும். மானியம் முடிந்த தேதியைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும்.

சேமநிதிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3,500 ரிங்கிட் சம்பள வேலையில் முதலாளி 13 விழுக்காடு போடுவார்: மாதம் 455. நான்கு வருடத்தில் 21,840 ரிங்கிட். முழு நேரம் படிக்கும் பெண் இதை விட்டுக்கொடுக்கிறார். முழுதாக ஈடுகட்ட முடியாது. இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் தன்விருப்பமாகப் பணம் போட்டால் 2025 முதல் அரசு 20 விழுக்காடு, வருடத்துக்கு 500 ரிங்கிட் வரை சேர்க்கிறது. வருடம் 2,500 போட்டால் அந்த 500 முழுதாக வந்துவிடும்.

பல்கலைக்கழகமே விரிவுரையாளராக வருவதற்கென ஆளெடுத்து, சம்பளமோ உபகாரச் சம்பளமோ கொடுத்துப் படிக்கவைக்கும் திட்டங்களும் உண்டு. கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். இடம் குறைவு, ஒப்பந்தம் நீளம். குறித்த காலத்தில் பட்டம் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் பிரிவு இருக்கும். கையெழுத்துப் போடும் முன்பு, பேறுகாலத்துக்காக அந்தக் கெடு நீளுமா என்ற வரியை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

எந்த வழியில் போனாலும் வீட்டு நேரத்தை உண்மையில் ஆள்வது ஆய்வுத் தலைப்பு. மேற்பார்வையாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பலருக்கு அது தோன்றுவதே இல்லை.

பழம் உதிர்த்த செம்பனைக் குலையிலிருந்து கரி தயாரிக்கும் ஆய்வை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் மிகவும் பழக்கமான தலைப்பு. காலை 8 மணிக்குக் குழாய் உலையில் மாதிரியை வைத்து, நைட்ரஜனை அரை மணி நேரம் ஓடவிட்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். 8.30க்கு நிமிடத்துக்கு 10 டிகிரி என்று ஏற்றினால், 30 டிகிரியிலிருந்து 700க்குப் போக 67 நிமிடம். அங்கே 2 மணி நேரம் நிறுத்தினால் மணி 11.37. அவ்வளவுதானே என்று கிளம்ப முடியாது. உலை தானாக ஆற ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். சூடு ஆறாமல் திறந்தால் காற்றுப் பட்டவுடன் கரி கனன்று சாம்பலாகும். அந்த நாளும் போச்சு, மாதிரியும் போச்சு. ஆகச் சாயங்காலம் ஐந்தரை வரை அங்கேதான். தஸ்கா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) 6 மணிக்கு மூடுகிறது என்றால் ஒரு நாளைக்கு ஒரு ஓட்டம், அதற்கு மேல் இல்லை.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. நிரல் போடக்கூடிய உலை என்றால், மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி, உச்ச வெப்பம் முடியும்வரை கூட இருந்துவிட்டு, ஆறுவதை இரவுக்கு விட்டுவிட்டு, மறுநாள் காலை எடுக்கலாம். காலை நேரம் அளவீடுகளுக்குக் கிடைக்கும். நைட்ரஜன் சிலிண்டர் நடு இரவில் தீர்ந்துவிடக் கூடாது, அதுதான் கவனம். நிரம்பிய பெரிய சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடினால் 230 மணி நேரம் சொச்சம் வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு அழுத்தமானியைப் பார்த்துக் குறித்துவையுங்கள். ஆளில்லாமல் இரவில் ஓடும் சோதனைக்கு ஆய்வகம் கேட்கும் அனுமதிப் படிவத்தையும் மறக்க வேண்டாம்.

கழிவுநீர் ஆய்வென்றால் நாள்காட்டிதான் எசமான். செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு நம் நாட்டு விதி கேட்பது 30 டிகிரியில் 3 நாள் பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) சோதனை. புதன் வைத்தால் சனியன்று அளக்க வேண்டும். வியாழன் வைத்தால் ஞாயிறு. திங்கள், செவ்வாய், வெள்ளியில் வைத்தால் வார இறுதி தப்பும். 20 டிகிரியில் 5 நாள் பிஓடி என்றால் தலைகீழ்: திங்களும் செவ்வாயும் கூடாது, புதனிலிருந்து வெள்ளி வரை நல்லது. சாணக் கலம்போல நாள்தோறும் ஊட்ட வேண்டிய காற்றில்லா நொதிகலன் இருந்தால் தீபாவளியன்றும் போய் ஊட்ட வேண்டும். செல் வளர்ப்பு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கூப்பிடும். கணினி உருவகப்படுத்தலும் தரவுப் பகுப்பாய்வும் மட்டும்தான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பார்க்கக்கூடியவை. அதற்காக எல்லாரும் கணினிக்கு மாறச் சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் ஆய்வகம், பிறகு உருவகப்படுத்தல் என்று திட்ட முன்மொழிவிலேயே இரண்டையும் கலந்து எழுதிவைத்தால், உடம்பு முடியாத மாதங்களில் வேலை நிற்காது.

இன்னொன்று நேரத்தைவிட முக்கியம். சவ்வு தயாரிக்கும் ஆய்வுகளில் பாலிமரைக் கரைக்க டிஎம்எஃப், என்எம்பி, டிஎம்ஏசி என்ற மூன்று கரைப்பான்களில் ஒன்று பெரும்பாலும் வரும். மூன்றின் பாதுகாப்புத் தரவுத் தாளிலும் இரண்டாம் பகுதியில் எச்360 என்ற குறியீடு இருக்கும். கருவுறும் திறனுக்கோ கருவிலிருக்கும் குழந்தைக்கோ தீங்கு செய்யக்கூடியது என்று அதற்குப் பொருள். ஆய்வகப் பெட்டியில் எப்போதும் கிடக்கும் நீல நைட்ரைல் கையுறை டிஎம்எஃப்புக்குத் தாங்காது. சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். தடித்த பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும், புகைக்கூண்டுக்குள் வேலை செய்ய வேண்டும். ரப்பரில் பிழைத்த ஊரில் சரியான ரப்பர் கையுறைக்கு மனுப் போட வேண்டியிருப்பது வேடிக்கைதான். குழந்தைக்குத் திட்டமிடும் மாதத்திலிருந்தே இந்த வேலையை வேறொருவர் கைக்கு மாற்றிவிடுவது மேல். கருவின் உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில். பலருக்கு அப்போது செய்தியே தெரிந்திருக்காது. கதிர்வீச்சுக் கருவி புழங்குபவர்கள் கருவுற்றதைக் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட்.

வேலையோடு பகுதி நேரம்

பார்க்க மலிவாகத் தெரியும் வழி இது. மாதா மாதம் சம்பளம், இபிஎஃப், சொக்சோ, வீட்டுக்கடன் எடுக்கச் சம்பளச் சீட்டு. பத்து காவான், கூலிம் தொழிற்சாலைகளில் பொறியாளராக இருக்கலாம். தனியார் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கலாம். பீடோங் பக்கம் செமெலிங்கில் ஏம்ஸ்ட், தெற்கே கம்பாரில் யூடார் வளாகம்.

சட்டப் பாதுகாப்பும் இங்கேதான் தெளிவு. 2023 ஜனவரி முதல் தேதி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. கணவருக்கு 7 நாள் உண்டு, அவர் அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்தால். உங்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் குறைந்தது 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை மாறும்போது இந்த 90 நாளை விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். நெகிழ்வான வேலை நேரம் கேட்டும் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம் தானாக முடிந்து, புதுப்பிக்காமல் விடுவது வேறு விஷயம். ஒப்பந்த முடிவுத் தேதியும் பிரசவத் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியிலும் கொஞ்சம் கிடைக்கும். சொந்த மேற்படிப்புக் கட்டணத்துக்கு வருடம் 7,000 ரிங்கிட் வரை கழிவு. பதிவு பெற்ற தஸ்கா, பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு 3,000 வரை. தாய்ப்பால் கருவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 1,000 வரை.

பிறகு ஏன் இந்த வழியைக் கடைசித் தெரிவாக வைக்கிறோம்? ஒரு வாரத்தில் மிஞ்சும் மணிகளை எண்ணுங்கள். தனியார் விரிவுரையாளருக்குப் பாடவேளை போக விடைத்தாள், மாணவர் ஆலோசனை, தர ஆவணங்கள், பள்ளிகளுக்குப் போய் மாணவர் சேர்க்கைக்குப் பேசுவது என்று எல்லாம் உண்டு. மின்னணு நுண்ணோக்கியும் எக்ஸ்ஆர்டி என்ற எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வுக் கருவியும் அலுவலக நேரத்தில்தான் இயங்கும். நீங்களும் அலுவலக நேரத்தில்தான் இயங்குகிறீர்கள். ஆக, ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு நாள் ஆண்டு விடுப்பு கரையும். குழந்தை பிறந்ததும் அந்த விடுப்பைத் தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் எடுக்க வேண்டும். ஆய்வு ஆறாம் வருடம், ஏழாம் வருடம் என்று நீளும். ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணம் போகும். அதற்குள் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுவார், இல்லை வேறு இடம் போவார். மூன்று வருடத்துக்கு முன்பு புதிதாக இருந்த தலைப்பில் வேறு யாராவது கட்டுரை போட்டுவிடுவார்கள். மாதக் கணக்கில் மலிவு, வருடக் கணக்கில் விலை.

விதிவிலக்கு ஒன்று உண்டு: தொழிற்சாலையின் சொந்தச் சிக்கலே ஆய்வுத் தலைப்பாக இருந்து, தரவு எடுப்பது உங்கள் வேலை நேரத்திலேயே நடக்குமானால் பகுதி நேரம் நன்றாக ஓடும். தரவை வெளியிட நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியை முதல் மாதமே வாங்கிவிடுங்கள். ஆய்வேடு அச்சுக்குப் போகும்போது கேட்டால் சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்பாது.

பாலிடெக்னிக், மெட்ரிகுலேஷன் கல்லூரி வேலையும் சிலர் மனத்தில் இருக்கும். நல்ல வேலை. அமைச்சின் கீழ் வருவதால் சபா, சரவாக்குக்கும் மாற்றல் வரலாம் என்பதைக் கணவர் வீட்டிலும் சொல்லிவையுங்கள். அரசுப் பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு அந்தத் தொல்லை இல்லை.

வெளிநாடு

விரித்துச் சொல்ல அதிகமில்லை. பணம் யார் தருகிறார் என்பதே எல்லாம். பிரிட்டனின் அரசு ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐயின் நிதியில் படிப்பவருக்கு 52 வாரப் பேறுகால விடுப்பு, அதில் முதல் 26 வாரம் முழு உதவித்தொகை. ஜெர்மனியில் 2018 முதல் மகப்பேற்றுப் பாதுகாப்புச் சட்டம் மாணவிகளுக்கும் சேர்த்தே; பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம். இந்த இரண்டும் நம் ஊரில் மானிய உதவியாளருக்குக் கிடைப்பதைவிட நல்ல ஏற்பாடு. அறிவியல், பொறியியல் பெண்களுக்கென்றே ஷ்லம்பர்ஜர் அறக்கட்டளை 2004 முதல் 'ஃபேகல்டி ஃபார் த ஃபியூச்சர்' உதவித்தொகை தருகிறது. வருடத்துக்கு 50,000 அமெரிக்க டாலர் வரை, படித்து முடித்ததும் நாடு திரும்பும் நோக்கத்தோடு.

குடும்பத்தை அழைத்துப்போக நினைப்பவர்கள் கவனிக்க: பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் பாட முதுகலை மாணவர்கள் கணவரையோ பிள்ளையையோ அழைத்துச் செல்ல முடியாது, முனைவர் ஆய்வுக்குச் செல்பவர்கள் முடியும். அங்கே குழந்தை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தள்ளிப்போட்டால் குடியுரிமைக்கு அலைய வேண்டிவரும்.

எந்தச் சட்டமும் கொடுக்காத ஒன்று இருக்கிறது: தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு. பத்திய மிளகுக் குழம்பு, குளிப்பாட்டிவிட ஒரு கை, இரவு மூன்று மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு தோள். இதை வெறும் ஏக்கமாக எண்ண வேண்டாம், உழைப்புக் கணக்கிலேயே சேர்க்கலாம். அதனால் குழந்தைக்கு முன் வெளிநாடு போவதென்றால் முழு முனைவர் பட்டம் சரி. குழந்தைக்குப் பின் என்றால், பட்டத்தை உள்ளூரில் முடித்துவிட்டு ஒன்றிரண்டு வருட முதுமுனைவர் ஆய்வுக்குப் போவது தாங்கும்.

பிள்ளையும் தஸ்காவும்

அம்மாக்கள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போனபோது பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் வளர்ந்த ஊர்கள் இவை. வேலைக்குப் போகும் தாய் இங்கே புதிதில்லை. இன்று அந்த இடத்தில் தஸ்கா. பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள், வரிக் கழிவுக்கும் அதுதான் வழி. ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், மூன்று வயதுவரை ஐந்துக்கு ஒருவர் என்பது விதி. போகும்போது கைக்குழந்தைகளை எண்ணி, ஆட்களையும் எண்ணுங்கள். எடுத்த தாய்ப்பால் குளிர்பெட்டியில் 4 நாள், ஐஸ் வைத்த பையில் 24 மணி நேரம் தாங்கும். ஆய்வகக் குளிர்பெட்டியில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள்.

நிபோங் திபாலுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பண்டார் பாரு கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கிலும் பேராக்கின் பாரிட் புந்தார் பக்கமும் சனி, ஞாயிறு. மாமியார் வீடு பண்டார் பாருவில் இருக்கிறதே என்று பிள்ளையை அங்கே பள்ளியில் போட்டால், வெள்ளிக்கிழமை அவன் வீட்டில், நீங்கள் வளாகத்தில். ஞாயிறு நீங்கள் வீட்டில், அவன் பள்ளியில். வாரத்தில் பொதுவான விடுமுறை ஒரே நாள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பொறியியல் படித்தவர், வீடு இங்கே, குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பி இல்லை: வளாகத்தில் முழு நேரம். மானியத்தில் குறைந்தது 30 மாதம் மிச்சம் இருக்க வேண்டும், கையில் ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால், ஒன்றரை வருடம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டு வாருங்கள். அந்த ஒன்றரை வருடம் வீண் இல்லை. குழந்தைக்கு ஏற்ற இடம் தரவு எடுத்து முடிந்து எழுதத் தொடங்கும் கட்டம். மோசமான இடம் முதல் வருடம். முறை இன்னும் படியாத நேரத்தில் நான்கு மாதம் நின்றால் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்குச் சம்பளம் அவசியம் என்றால் பகுதி நேரம், ஆனால் வேலையும் தலைப்பும் ஒன்றாக இருந்தால் மட்டும்.

மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டியவை: மானியம் எந்தத் தேதியில் முடிகிறது? முடிந்த பிறகு என் உதவித்தொகை எங்கிருந்து வரும்? பருவத்தை ஒத்திவைத்தால் பணம் நிற்குமா? எச்360 உள்ள பொருள் ஏதாவது புழங்க வேண்டுமா? உங்களிடம் படித்த பெண்களில் இடையில் பிள்ளை பெற்றவர் யார், அவர் எத்தனை வருடத்தில் முடித்தார்? முதல் நான்கையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐந்தாவதை நேரில் கேளுங்கள், பிறகு அந்தப் பெண்ணையே கூப்பிட்டுப் பேசுங்கள்.